இன்னும் ஒரு சாண் தள்ளி

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் நாடகக் குழு ஒத்திகை பார்ப்பது ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில். பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்திவிட்டால் நடுவில் ஒரு சின்ன மேடை அளவுக்கு இடம் கிடைக்கும். மூன்று வருடங்களுக்கு முன்னால் அங்கேதான் நான் எழுதிய நாடகம் ஒன்றைத் தயார் செய்துகொண்டிருந்தோம். கதை ரொம்பச் சாதாரணம். சென்னையில் ஒரு பங்களா. அதன் எஜமானி விசாலம். அந்த வீட்டில் 11 வருடமாக வேலை செய்கிற அஞ்சலை, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக முன்பணம் கேட்க வேண்டும். கேட்டு முடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடுகிறது. அவ்வளவுதான் நாடகம்.

விசாலத்தை முதலில் எப்படி எழுதியிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். உள்ளே வரும்போதே கறுப்புக் கண்ணாடி. கழுத்து நிறைய நகை. வாக்கியத்துக்கு மூன்று ஆங்கிலச் சொல். "ஓ மை காட்", "நான்சென்ஸ்", "கெட் அவுட்". அஞ்சலை வாயைத் திறந்தால் விரலைச் சொடுக்கி "ஏய்!" என்று ஒரு கத்தல். நடித்தவர் நல்ல நடிகை, கொடுத்ததை முழுப் பலத்தோடு செய்தார். ஒத்திகை பார்க்க வந்த நண்பர்கள் சிரித்தார்கள். பாத்திரம் அமைந்துவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு என்று ஞாபகம். வகுப்பறையைக் கூட்ட வருகிற அக்கா வாசலில் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். காட்சி முடிந்ததும் உள்ளே வந்தார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்தம்மா ஏன் இம்மாங் கத்து கத்துறாங்க?" என்று கேட்டார். பணக்கார வீட்டு அம்மா, திமிர் பிடித்தவர், அப்படித்தானே இருப்பார் என்று நான் ஏதோ சொன்னேன்.

"நான் காலையில ரெண்டு வூட்ல வேலை செய்யறேன் சார். ஒருத்தரும் கத்த மாட்டாங்க. எங்கிட்ட பேசினாத்தானே கத்துறதுக்கு? நான் அங்கயேதான் பாத்திரம் தேச்சுட்டு இருப்பேன். என்னைப் பத்தி அவங்க வூட்டுக்காரர்கிட்ட பேசுவாங்க. 'நாளைக்குச் சீக்கிரம் வரணும்னு அதுகிட்ட சொல்லிடுங்க' அப்படின்னு. நான் ரெண்டடி தள்ளி நிக்கறேன் சார்."

சொல்லிவிட்டுக் கூட்ட ஆரம்பித்தார். நாங்கள் காலைத் தூக்கிக்கொண்டு வழிவிட்டோம். மூன்று வாரமாக அவர் வந்து போய்க்கொண்டிருந்தார். நாங்களும் மூன்று வாரமாக டீ வரவழைத்துக் குடித்துக்கொண்டிருந்தோம். அவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இந்தக் குணத்துக்குத் தமிழில் எத்தனை பெயர்கள். பந்தா, பவுசு, அலட்டல், மிதப்பு, தலைக்கனம், இளக்காரம். எழுத்தில் மேட்டிமைத்தனம் என்போம். அன்று ராத்திரி இந்தச் சொற்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பார்த்தேன். பந்தாவும் பவுசும் அலட்டலும் அந்த ஆள் எப்படித் தெரிகிறார், எப்படி நடக்கிறார் என்று சொல்கின்றன. யாருமில்லாத அறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகூடப் பந்தா பண்ணலாம். இளக்காரத்துக்கு எதிரே இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் மேல் விழுந்தால்தான் அது இளக்காரம். நான் எழுதி வைத்திருந்தது முழுக்கப் பந்தா. அந்த அக்கா தினமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது இளக்காரம்.

பந்தா எனக்குச் சுலபமாக வந்ததற்குக் காரணம் உண்டு. என் தலைமுறையில் பலரும் பணக்காரரை நெருக்கத்தில் பார்த்தது திரையில்தான். வளைந்த மாடிப்படி, பட்டு கவுன், வாயில் பைப், மேசை மேல் வீசப்படும் நோட்டுக்கட்டு. அந்தப் பாணிக்குள்ளேயே ஒரு பெரிய கலைஞர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 1954-இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தின் எம்.ஆர்.ராதா இருக்கிறார். வெளிநாட்டிலிருந்து திரும்பிய பணக்காரனாக அவர் மேடையில் பல முறை நடித்த நாடகம்தான் அந்தப் படம். உடையையும் சிகரெட்டையும் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு குரலை மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரே வாக்கியத்துக்குள் குரல் அடித்தொண்டையிலிருந்து கீச்சுக்கு ஏறும், நடுவில் சட்டென்று நிற்கும், மறுபடி இறங்கும். பேச்சின் தாளம் முழுக்க அவன் கையில். எதிரில் நிற்கிறவருக்கு எந்த இடத்தில் வாயைத் திறக்கலாம் என்றே தெரியாது. உடுப்பு பந்தா. அந்தத் தாளம்தான் இளக்காரம்.

அப்புறம் எனக்கு அப்பா ஞாபகம் வந்தார்.

அப்பா தையல்காரர். கும்பகோணம் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ஒற்றை மெஷின் போட்ட கடை. தீபாவளிக்கு முன்னால் பக்கத்து ஊர்ப் பெரிய வீட்டுக்குப் போய் அளவு எடுத்துக்கொண்டு வருவார். நிறைய நிலம் வைத்திருந்த குடும்பம். எனக்கு 9 அல்லது 10 வயது இருக்கும்போது அளவு நோட்டை எழுத நானும் ஒரு தடவை போனேன். அப்பா டேப்பைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். உயரம், தோள், மார்பு, கை, கழுத்து.

அந்த வீட்டுக்காரர் அப்பாவை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. "வாய்யா" என்றார், அவ்வளவுதான். அளவு எடுக்க வேண்டுமென்றால் அப்பா அவர் மேல் கை வைத்தாக வேண்டும். அவர் எழுந்து நின்றார். ஆனால் கணக்குக் காட்ட வந்திருந்த இன்னொருவரோடு நெல் விலை பேசிக்கொண்டிருந்தவர், அந்தப் பேச்சை நிறுத்தவே இல்லை. அப்பா டேப்போடு பக்கவாட்டில் வந்தால் கை தானாக உயரும். கழுத்துக்கு வந்தால் மோவாய் தானாக மேலே போகும். காற்றடித்தால் துண்டை ஒதுக்கிக்கொள்வோமே, அந்த மாதிரி, அப்பாவைப் பார்க்காமலே அவர் உடம்பு அப்பாவுக்கு இடம் கொடுத்தது. அப்பாவின் தலைக்கு மேலாகப் பேச்சு போய்க்கொண்டிருந்தது. அளவு முடிந்த பிறகும் நெல் விலை முடியவில்லை. துணி எத்தனை கஜம் என்று சொல்லி முன்பணம் வாங்க நாங்கள் காத்திருந்தோம். கூடத்தில் நாலு நாற்காலி இருந்தது. நின்றோம். உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

கடைசியில் அவர் பார்வை என் மேல் விழுந்தது. "உன் பையனா?" என்று அப்பாவிடம் கேட்டார். நோட்டை வாங்கிப் பார்த்தார். "பரவாயில்லையே, கையெழுத்து நல்லா இருக்கே" என்றார். அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். முன்பணத்தை அவர் திண்ணைக் கட்டை மேல் வைத்தார், அப்பா அங்கிருந்து எடுத்துக்கொண்டார். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தப் "பரவாயில்லையே"வை அப்பா சொல்லிச் சொல்லி வந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

இத்தனை வருடம் கழித்து, தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்த அந்த ராத்திரிதான் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். பரவாயில்லை என்றால் குறை இருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். அதன் வாலில் ஒட்டியிருக்கும் ஏகாரம் வியப்பு. நான் இதை எதிர்பார்க்கவில்லை என்கிறது அது. தையல்காரர் மகன் கோணல்மாணலாகத்தான் எழுதுவான் என்று அவர் மனதில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. நான் அதைப் பொய்யாக்கியதில் அவருக்கு ஆச்சரியம். அதே எழுத்தை அவருடைய பேரன் எழுதியிருந்தால் "நல்லா இருக்கு" என்று சொல்லியிருப்பார், ஏகாரம் வந்திருக்காது. அவர் என்னைப் புகழத்தான் செய்தார். நல்ல மனதோடுதான் புகழ்ந்தார். எனக்கு வேண்டியிருந்த வசனம் அதுதான். என் விசாலத்தின் வாயில் "நான்சென்ஸ்" இருந்த இடத்திலெல்லாம் "பரவாயில்லையே"வைப் போட்டேன். "பரவாயில்லையே அஞ்சலை, உன் பொண்ணு இவ்வளவு மார்க் வாங்கியிருக்காளே." இதைச் சொல்கிறவர் சிரித்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும்.

வசனங்களை முதலிலிருந்து திருப்பி எழுதும்போது ஒன்று புரிந்தது. தமிழில் இந்தக் காரியத்துக்கு ஆங்கிலச் சொல் ஒன்றுகூட வேண்டியதில்லை. வினைச்சொல்லின் வால் போதும். வா, வாம்மா, வாங்க, வாங்கம்மா என்று ஒரு வினைக்கு இத்தனை படிகள். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கினால் வந்த உயர்சொல், இலக்கண முறைப்படி அமைந்தது அல்ல என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கத்திலேயே சொல்லி வைத்திருக்கிறது. அதாவது அந்த மரியாதைப் பன்மையை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்பதை இலக்கணம் முடிவு செய்வதில்லை. பேசுகிறவர் முடிவு செய்கிறார். ஒரு வினையை முடிக்க வேண்டுமென்றால் எதிரில் இருக்கிறவரை எங்கே வைத்திருக்கிறோம் என்று காட்டியே ஆக வேண்டும். தப்பிக்க வழி குறைவு.

'நீ' என்பதே அவமரியாதை என்று நினைத்து எழுதினால் தப்பாகிவிடும். அம்மாவை 'நீ' என்கிறோம், சாமியை 'நீ' என்கிறோம். 1960-இல் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐரோப்பிய மொழிகளின் முன்னிலைப் பெயர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதிகாரம், நெருக்கம் என்ற இரண்டு அச்சுகளை வைத்து அதைப் பார்த்தார்கள். இருவரும் ஒருவருக்கொருவர் ஒரே சொல்லைச் சொன்னால் நெருக்கம். ஒருவர் சொல்வதை மற்றவர் திருப்பிச் சொல்ல முடியாவிட்டால் அதிகாரம். தமிழ் வசனம் எழுதுகிறவருக்கு இது ரொம்ப உதவுகிற கணக்கு. ஒரு வசனம் எழுதியதும் நான் இப்போது கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: இந்த 'நீ' திரும்பி வருமா? வராது என்றால் அந்த இடத்தில் வேறு எந்தக் கடுமையும் தேவையில்லை. 10 வயதுப் பையன் பள்ளிக்கூட வேனிலிருந்து இறங்கி, 60 வயது வாட்ச்மேனைப் பார்த்து "கேட்டைத் திற" என்கிறான். அவர் "இதோ தம்பி, திறக்கிறேன்ப்பா" என்கிறார். இரண்டு வரியில் அந்த வீடு முழுக்கத் தெரிந்துவிடுகிறது. நாடகத்தில் இதைத்தான் முதல் காட்சியாக வைத்தேன்.

இதைவிட நுட்பமான ஒன்று, வேலையைச் செய்கிற ஆளே இல்லாத வாக்கியம். தமிழில் ஆளைச் சொல்லாமலே பேசிவிட முடியும். "காபி வரலையே." "பாத்திரம் இன்னும் அப்படியே கிடக்கு." "வண்டி எங்க?" டிரைவரைக் கூப்பிடுவதில்லை, வண்டியைக் கூப்பிடுகிறார்கள். காபி போடுகிறவரைப் பார்த்துக் கேட்பதில்லை, காபியைப் பற்றிக் காற்றில் ஒரு வருத்தம் சொல்கிறார்கள். காபி தானாக வருவது போலவும், பாத்திரம் தானாகச் சுத்தமாவது போலவும். ஆளைச் சொல்லவே வேண்டி வந்தால் இருக்கவே இருக்கிறது 'அது'. "அது இன்னைக்கு லேட்." முதல் வடிவத்தில் விசாலம் அஞ்சலையைப் பெயர் சொல்லி அதட்டிக்கொண்டே இருந்தாள். புது வடிவத்தில், முதல் 20 நிமிடம் பெயரைச் சொல்லவே இல்லை. அந்தப் "பரவாயில்லையே" வருகிற இடத்தில்தான் முதல் முறையாகப் பெயர் வருகிறது.

தமிழ் நமக்குத் தந்திருக்கிற இன்னொரு கருவி 'நாம்', 'நாங்கள்' என்ற இரட்டை. கேட்கிறவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கிவிட்டால் நாங்கள். நமக்கு இது மூச்சு விடுவது மாதிரிப் பழக்கம் என்பதால் இதன் கூர்மை தெரிவதில்லை. மேட்டிமை பிடித்தவர் பேச்சில் 'நாங்க' அடிக்கடி வரும். "நாங்கல்லாம் அந்தக் கடையில வாங்கறதில்லை." "எங்க ஃபேமிலியில அந்தப் பழக்கம் கிடையாது." ஒவ்வொரு 'நாங்க'வும் வெளியே ஒரு கோடு போடுகிறது. ஆனால் வேலை ஆக வேண்டுமென்றால் கோடு அழியும்: "நாம இன்னைக்கு ஸ்டோர் ரூமைச் சுத்தம் பண்ணிடலாமா அஞ்சலை?" பண்ணப் போவது ஒரே ஆள்தான்.

எதிர்ப்பக்கத்தில் அஞ்சலை அந்த வீட்டை 11 வருடமாக 'நம்ம வீடு' என்றுதான் சொல்கிறாள். வீட்டு வேலை செய்கிறவர்கள் பலர் அப்படித்தான் சொல்வார்கள், கவனித்துப் பாருங்கள். "நம்ம வூட்டு மாடித் தொட்டி ரொம்பி வழியுதும்மா." இதற்கு விசாலம் கோபப்படுவதில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்கிறாள்: "எங்க வீட்டுத் தொட்டிதானே? ஐயாகிட்ட சொல்றேன்." நாடகத்தின் உச்சம் இந்த இடம்தான் என்று நான் நம்புகிறேன். பணம் கேட்கும் காட்சி அதற்குப் பிறகு வருகிறது, ஆனால் பதில் இங்கேயே வந்துவிட்டது. அஞ்சலையாக நடித்தவர் அந்த 'எங்க'வைக் கேட்டதும் கையிலிருந்த துணியை மெதுவாக மடிப்பார். நான் சொல்லிக்கொடுத்தது இல்லை அது.

ஆங்கிலத்தை முழுக்க எடுத்துவிடவில்லை. எவ்வளவு ஆங்கிலம் என்பதைவிட யாரிடம் ஆங்கிலம் என்பதுதான் முக்கியம் என்று மட்டும் தெரிந்துகொண்டேன். சென்னையில் பல வசதியான வீடுகளில் குழந்தையிடம் ஆங்கிலம், நாயிடம் ஆங்கிலம், வேலை செய்கிறவரிடம் தமிழ். நாய்க்கு "சிட்", "கம்", "குட் பாய்" எல்லாம் கிடைக்கிறது. அஞ்சலையைப் பற்றிக் கணவனிடம் பேசும்போது விசாலம் அவள் எதிரிலேயே ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள், ஒரு கதவைச் சாத்துவது போல. அஞ்சலைக்கு அதில் பாதி புரியும். 'அட்வான்ஸ்', 'டிரஸ்ட்', 'ஹேபிட்' எல்லாம் அவளுக்குத் தெரிந்த சொற்கள்தான். அவளுக்குப் புரிகிறது என்பது பார்வையாளர்களுக்குத் தெரியும், விசாலத்துக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் 1954-இல் பர்மிங்காம் பல்கலைக்கழக மொழியியலாளர் ஆலன் ராஸ், மேல்தட்டினரின் பேச்சை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். அடுத்த வருடம் எழுத்தாளர் நான்சி மிட்ஃபோர்டு அதை எடுத்துப் பேசியதில் நாடே அதைப் பற்றி விவாதித்தது. அதில் என்னைப் பிடித்து நிறுத்திய செய்தி, உண்மையான மேல்தட்டினர் பெரும்பாலும் அலங்காரமில்லாத பழைய சொற்களையே பயன்படுத்தினார்கள் என்பது. மேலே ஏற ஆசைப்பட்ட நடுத்தட்டினர்தான் நாசூக்கான சொற்களைத் தேடினார்கள். கைத்துண்டுக்கு அவர்கள் 'நாப்கின்' என்றால் இவர்கள் பிரெஞ்சுச் சாயலோடு 'செர்வியட்' என்பார்கள். சொன்னது காதில் விழாவிட்டால் இவர்கள் பணிவாக 'பார்டன்?' என்பார்கள், அவர்கள் வெறுமனே 'வாட்?' என்பார்கள். அடியில் நிலம் உறுதியாக இருக்கிறவருக்குச் சொல்லைப் பற்றிப் பயம் இல்லை.

இதைப் படித்த பிறகு விசாலத்தை இரண்டாகப் பிரித்தேன். அவளுக்கு ஒரு மாமியார் வந்தார். தலைமுறை தலைமுறையாகச் சொத்து பார்த்த வீடு. அந்த அம்மாள் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து "சோத்தைப் போடு" என்பார், பழைய சோற்றுக்குப் பச்சை மிளகாய் கேட்பார், கிராமத்துப் பேச்சை மாற்றிக்கொள்ளவே இல்லை. விசாலம் சாதாரணக் குடும்பத்திலிருந்து வந்தவள். 'ரைஸ்' என்பாள், 'வாஷ்ரூம்' என்பாள், மாமியார் விருந்தாளி முன்னால் "சோறு" என்று சொல்லும்போதெல்லாம் கூசிப்போவாள். இந்த இருவரில் யார் அஞ்சலையிடம் அன்பாக இருக்கிறார் என்று பார்த்தால் மாமியார்தான் மாதிரித் தெரியும். "சாப்டியாடி?" என்று கேட்பார், காய்ச்சலென்றால் கஷாயம் போட்டுக் கொடுப்பார். ஆனால் சிங்க் ஓரம் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கிற அந்த டம்ளரை வைத்தது அவர்தான். 11 வருடம் முன்னால் வைத்தார், இன்னும் அங்கேயே இருக்கிறது.

அந்த டம்ளரைப் பற்றிப் பேசாமல் இங்கே மேல்தட்டை எழுத முடியாது. நம் ஊரில் பணத்தின் அடியில் சாதி இருக்கிறது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது, அதை எதிர்த்து எத்தனையோ போராட்டம் நடந்தது. நகரத்து வீட்டுக்குள் அது சுத்தம், சுகாதாரம் என்ற பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டது. அடுக்குமாடிகளில் வேலை செய்கிறவர்களுக்குத் தனி லிஃப்ட். பணத்தைக் கையில் கொடுக்காமல் மேசையில் வைப்பது, அல்லது ஒரு விரற்கடை உயரத்திலிருந்து உள்ளங்கையில் விடுவது. அந்தத் திண்ணைக் கட்டை மேல் வைத்த பணத்தை நான் பல வருடம் மறந்தே இருந்தேன். அரை மணி நேரம் அப்பாவின் விரல்கள் அவர் கழுத்தைச் சுற்றிப் போய் வந்தன. அதற்கு வேறு வழியில்லை. பணத்துக்கு வழி இருந்தது. "சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு?" என்று சிரித்த முகத்தோடு கேட்கிற கேள்வியும் இந்த வகைதான். பதில் கிடைத்ததும் வருகிற அந்த "ஓ... சரி சரி" இருக்கிறதே, அதில் 'ஓ'வுக்கும் 'சரி'க்கும் நடுவில் இருக்கும் மௌனத்தை எழுத்தில் கொண்டுவர எனக்கு இன்னும் தெரியவில்லை. மேடையில் நடிகை கொண்டுவந்துவிட்டார்.

சத்தம் போடாமல் ஒருவரை வெளியே நிறுத்த விதிகளும் உண்டு. 2014 ஜூலையில் சென்னையில், வேட்டி கட்டிக்கொண்டு நிகழ்ச்சிக்கு வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. உடை விதி அப்படி என்றார்கள். அடுத்த மாதமே சட்டமன்றம், இப்படி உடையைக் காரணம் காட்டித் தடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் கொண்டுவந்தது. அந்த வாசலில் யாரும் கத்தியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளைக்காரன் காலத்து விதி ஒன்று அவர்களுக்காகப் பேசிவிடுகிறது.

உடம்புக்கு வருகிறேன். நடிகைக்கு நான் முதலில் கொடுத்த குறிப்பெல்லாம் அவர் செய்ய வேண்டியவை: புருவத்தைத் தூக்கு, தலையைச் சாய், விரலைச் சொடுக்கு. எல்லாவற்றையும் நீக்கினேன். ராஜா வேஷத்தை ராஜாவாக்குவது சுற்றி நிற்கிறவர்கள்தான் என்பது மேடைக்காரர்களுக்குத் தெரிந்த உண்மை. தெருக்கூத்தில் திரைக்குப் பின்னால் ராஜா நிற்கும்போதே கட்டியக்காரன் பேசிப் பேசி அவருக்கு உயரம் கொடுத்துவிடுவான், கேலி பண்ணி அதைக் குறைக்கிறவனும் அவனே. பண்ணையாரின் உயரத்தை, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட அந்த மனிதரின் உடம்பில்தான் நம் தாத்தாக்கள் பார்த்தார்கள். எனவே அஞ்சலையின் உடம்பை எழுதினேன். விசாலம் வருகிற செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் குரல் பாதி வாக்கியத்தில் தணிகிறது. நடைபாதையில் எதிர்ப்பட்டால் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். விசாலத்துக்கு இருக்கிற ஒரே வேலை, இதில் எதையும் கவனிக்காமல் நடந்து போவது.

நடிகைக்கு அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. "எதிர்ல ஒருத்தர் இருக்கும்போது இல்லாத மாதிரி நடிக்க முடியல சார், கண்ணு தானாப் போகுது" என்றார். இரண்டு ஞாயிறு அதற்கே போயிற்று. கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அஞ்சலை இருக்கிற காட்சிகளிலெல்லாம் விசாலம் வேறு எதையாவது அக்கறையோடு செய்துகொண்டே இருந்தாள். பூச்சாடியைத் திருப்பி வைப்பாள், போனில் பேத்தியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பாள், நாயின் காதில் முடியை ஒதுக்கிவிடுவாள். அந்த நாய்மேல் அவளுக்கு நிஜமான பிரியம். அந்தப் பிரியத்தைப் பார்த்த பிறகுதான் அஞ்சலைக்குக் கிடைக்காதது எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரிந்தது. இவளை வெறுத்து நடிக்காதீர்கள் என்று நான் சொல்லத் தேவையே வரவில்லை. அவர் அதற்குள் விசாலத்தின் பயத்தைக் கண்டுபிடித்திருந்தார். மாமியார் என்றைக்காவது விருந்தாளிகள் முன்னால் "இவ அப்பன் கடையில பொட்டலம் மடிச்சவ" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். அந்த வரி நாடகத்தில் எங்கும் இல்லை. ஆனாலும் அவர் முதுகு விறைத்திருந்தது அதனால்தான்.

அரங்கேற்றம் ஒரு சின்ன அரங்கில். சுமார் 80 பேர் இருந்தார்கள். பழைய வடிவத்துக்குச் சிரித்த நண்பர்கள் இந்த முறை சிரிக்கவில்லை. "எங்க வீட்டுத் தொட்டிதானே?" என்ற வரிக்கு யாரோ பின்வரிசையில் 'ச்' கொட்டியது எனக்குக் கேட்டது.

வகுப்பறை அக்காவை முன்கூட்டியே சொல்லி அழைத்திருந்தோம். மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். முடிந்ததும் எல்லோருக்கும் டீ வந்தது. நடிகை ஒரு டம்ளரைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டு, "எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டார். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. டீயை ஒரு வாய் குடித்தார்.

"நல்லா இருந்துச்சும்மா. அந்தக் கெய்வி டம்ளர்ல காபி ஊத்தி வெக்கறாங்க இல்ல, அத்தை மட்டும் கிட்டக்க வெச்சுட்டாங்க. அவ கைக்கு எட்டற மாதிரி வெக்க மாட்டாங்க. இன்னும் ஒரு சாண் தள்ளி வெக்கணும். எயிந்து வந்து எடுத்துக்கற மாதிரி."

அடுத்த வாரம் இரண்டாவது காட்சி. மேடையில் டம்ளர் வைக்க வேண்டிய இடத்தில் சாக்பீஸால் போட்டிருந்த குறியை அழித்துவிட்டு, ஒரு சாண் தள்ளிப் புதுக் குறி போட்டோம்.